அடங்கலில் ஏறாத மரபணு

வெள்ளத்தில் மூழ்கும் தாழ்வான வயல்களுக்கு சி.ஆர்.1009 சப்-1 நெல்லைப் பரிந்துரைக்கிறோம். வேர் பிடித்த பயிர் முழுவதும் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கி, நீர் வடிந்ததும் துளிர்க்கும். இந்தக் குணத்தைத் தருவது சப்-1ஏ என்ற மரபணு. ஆனால் நெல்லின் முதல் முழு மரபணு வரைபடத்தில் அது இல்லை.

இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் சேர்ந்து 2005-ல் அந்த வரைபடத்தை வெளியிட்டன. படிக்கப்பட்டது நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகம். 12 குரோமோசோம்களில் சுமார் 37,500 மரபணுக்கள் கணிக்கப்பட்டன. மரபுத் தொகுதியின் எழுத்துகளைப் படிப்பது நிலத்தை அளப்பதைப் போன்றது. எந்த இடத்தில் எந்த மரபணு தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதன் வேலை என்ன என்று குறிப்பது அடங்கல் எழுதுவதைப் போன்றது. அந்தக் குறிப்பேட்டில் லட்சக்கணக்கான வரிகள் இருக்கும். கண்ணால் படித்து முடியாது.

அதற்குத்தான் மென்பொருள்கள் வந்துள்ளன. எந்தக் குரோமோசோமில் எத்தனை மரபணு, ஒவ்வொன்றின் நீளம் என்ன, இரண்டு ரகங்களுக்குள் எங்கே வேறுபாடு என்று சுருக்கி, வண்ணப் பட்டைகளாகத் திரையில் காட்டுகின்றன. ஜேபிரவுஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. புதிய ரகம் உருவாக்குபவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் குறிப்பேட்டில் உள்ளதை மட்டுமே மென்பொருள் காட்டும். அடங்கலில் ஏறாத பயிருக்கு வெள்ள நிவாரணம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே நிலைதான். நிப்பான்பாரேயில் சப்-1ஏ கிடையாது. அந்தப் படத்தை மட்டும் பார்த்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2006-ல் அதை அடையாளம் காட்டியது, ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்வு செய்யப்பட்ட எஃப்.ஆர்.13ஏ. மணிச்சத்து குறைந்த மண்ணிலும் வேரை வளர்க்கும் பிஸ்டால்-1 மரபணுவும் நிப்பான்பாரேயில் இல்லை. காசலத் என்ற பாரம்பரிய ரகத்திலிருந்து அது 2012-ல் அறியப்பட்டது.

2014-ல் 89 நாடுகளின் 3,000 நெல் வகைகளின் மரபுத் தொகுதிகள் வெளியாயின. எழுத்துகள் கையில் இருக்கின்றன. ஆனால் எந்த ரகம் எதைத் தாங்கும் என்பதை வயலில் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதைத் தினமும் பார்ப்பவர் நீங்கள்.

எனவே நாட்டு ரகம் பயிரிடுபவர்கள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: நட்ட தேதி, மூழ்கிய நாட்கள், நீரின் ஆழம், நூறு குத்துக்கு எத்தனை பிழைத்தன. 'நன்றாகத் தாங்கியது' என்று எழுதினால் போதாது, எண்ணிக்கை வேண்டும். பயிர் முழுவதும் சில நாள் மூழ்குவதும், பாதியளவு நீர் வாரக்கணக்கில் தேங்குவதும் வேறு வேறு. சப்-1 முதலாவதற்குத்தான் உதவும். ஆகவே இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்கள் இந்தக் குறிப்புகளைத் திரட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் சேர்க்க வேண்டும். பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001-ன் கீழ் உழவர் ரகங்களைப் பதிவு செய்யவும் உதவ வேண்டும். விதை கைமாறும் முன்பே பதிவு நடப்பது நல்லது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்கள் நெல்லின் குணம் அதில் ஏறாவிட்டால் அடுத்த ரகத்தில் அது வராது.