டிக்கெட் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவும், ஒரு தண்ணீர்த் தொட்டியும் வேண்டுமாம். பொங்கல் கழித்து மைதானத்தில் திரை கட்டிப் படம் போட்டுப் பணம் திரட்டப் போகிறார்களாம். "சார், நீங்க அந்தக் காலத்துல இதெல்லாம் செஞ்சிருக்கீங்களாமே" என்றார்கள். செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பௌர்ணமியை ஒட்டி வைக்காதீர்கள், நிலா வெளிச்சத்தில் திரை வெளுத்துப் போகும். புதுச்சேரி கடல்காற்றில் திரை பாய்மரம் மாதிரி உப்பும், நாலு மூலையோடு விடாமல் நடுவிலும் கயிறு கட்டுங்கள். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் கூடாது, ஆகையால் இருட்டியதும் ஆரம்பித்துவிடுங்கள். செல்போனில் இறக்கிய படத்தைப் போட நினைக்காதீர்கள். பள்ளிக்கூடக் காரியம் என்பதற்காக உரிமை இல்லாமல் போகாது. படம் வெளியாகி 60 ஆண்டு வரைக்கும் உரிமை உண்டு, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

பிறகு பையிலிருந்து டிக்கெட் புத்தகத்தை எடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் 20 டிக்கெட், ஒன்று 50 ரூபாய். அதிகம் விற்கும் பிள்ளைக்குப் பரிசாக சைக்கிள். அங்கேதான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

1984-இல் நான் ஒரு பள்ளியின் பெற்றோர் சங்கப் பொருளாளர். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, ஆகவே சங்கத்திலும் கணக்கை என் தலையில் கட்டினார்கள். 16 எம்.எம். புரொஜக்டர் வாடகைக்கு எடுத்தோம். ஒரே மிஷின், ஆகவே முக்கால் மணிக்கு ஒரு தடவை ரீல் மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் சுண்டலும் முறுக்கும் பறந்தன. நல்ல கூட்டம், நல்ல வசூல். தரை டிக்கெட் 1 ரூபாய், பிள்ளைக்கு 20 டிக்கெட்.

திங்கட்கிழமை கணக்கு முடித்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் 20 அடிக்கட்டை இருந்தது, பணம் 8 ரூபாய்தான் இருந்தது. கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் அலுவலக வழக்கப்படி சிவப்பு மையில் 'பாக்கி ரூ. 12' என்று அவன் பெயருக்கு எதிரே எழுதிப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தேன். அவர் மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அதை வாசித்தார்.

பையன் அதற்கப்புறம் பள்ளிக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கே தெரியும். விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பணத்தை அவன் அப்பா எடுத்துச் சாராயத்துக்குக் கொடுத்திருக்கிறார். பையன் ஒரு சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "பன்னிரண்டு ரூபா சேர்த்துக்கிட்டு இருக்கேன் சார்" என்றான். நான் என் பணத்தைப் போட்டுக் கணக்கை நேர்செய்தேன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் அவன் திரும்பி வரவில்லை.

விற்றுப் பழகினால் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வரும் என்கிறார்கள் அந்த இளைஞர்கள். யாருக்கு வரும்? டாக்டர் வீட்டுப் பிள்ளையின் 20 டிக்கெட்டை அப்பா ஒரே போனில் விற்றுக் கொடுத்துவிடுவார். வீட்டு வேலை செய்யும் அம்மாவின் பிள்ளை யாரிடம் போகும்? அம்மா வேலை செய்யும் வீட்டுக்குத்தான். அவர்களும் வாங்குவார்கள், மாதக் கடைசியில் சம்பளத்தில் கழிப்பார்கள். சைக்கிள் யாருக்கு என்பது இப்போதே தெரிந்த விஷயம்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'கெர்மெஸ்' என்று ஒரு விழா நடக்கும். பணம் திரட்டத்தான் அதுவும். ஆனால் காசுப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பெரியவர்கள். எங்களுக்கு விளையாட்டு மட்டும்தான். (பிரெஞ்சுக்காரர்கள் செய்தது எல்லாம் உசத்தி என்று சொல்லவில்லை. என்னை அடித்த வாத்தியாரும் அந்தப் பள்ளிதான்.) சினிமாவே வாசலில் காசு வாங்கித்தானே வளர்ந்தது? 1895-இல் பாரிசில் லூமியர் சகோதரர்கள் தலைக்கு 1 பிராங்க் வாங்கினார்கள், முதல் நாள் வந்தவர்கள் 33 பேர். நம் பக்கத்தில் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். அவர்கள் யாரும் ஏழாம் வகுப்புப் பிள்ளையை நம்பித் தொழில் நடத்தவில்லை.

வாசலில் மேஜை போடுங்கள், பெரியவர்கள் உட்காருங்கள். முடிந்தவர்கள் அதிகம் போடட்டும், முடியாதவர்கள் சும்மா உள்ளே போகட்டும். பஜ்ஜிக் கடையைப் பெரிதாக வையுங்கள், வருமானம் அதில்தான். மறுநாள் வரவு செலவை நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள்.

நேற்று அவர்களில் ஒருவர் போன் செய்தார். "புத்தகம் 300 அச்சடிச்சிட்டோம் சார், வீணாயிடுமே" என்றார். அவற்றை அப்படியே என்னிடம் கொடுங்கள், வாசலில் நான் கிழித்துக் கொடுக்கிறேன் என்றேன். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறாராம். ஒப்புக்கொண்டால் எனக்கு மூன்று பேர் துணை தேவைப்படும். ஓய்வுபெற்ற நண்பர்கள் யாராவது வருவதானால் மாலை ஐந்தரைக்கு வந்துவிடுங்கள். மூக்குக் கண்ணாடியும் சில்லறையும் கொண்டுவரவும்.