பிறவிக் குற்றவாளிகள்

தச்சனின் பிள்ளை தச்சன், நெசவாளியின் பிள்ளை நெசவாளி. ஆகவே இந்த நாட்டில் திருடனின் பிள்ளையும் பரம்பரைத் திருடனாகத்தான் இருப்பான்! 1871-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரலின் சட்டசபையில், படித்த பெரிய மனிதர்கள் இந்த ரீதியில் விவாதித்துத்தான் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நிறைவேற்றினார்கள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கதையில் ஒருவனைத் திருடனாக்குவதென்றால், அவன் ஏன் திருடினான் என்று வாசகருக்கு நான் சமாதானம் சொல்லியாக வேண்டும். சர்க்காருக்கு அந்தத் தொல்லை இல்லை. கெஜட்டில் ஓர் அறிவிப்புப் போட்டால் போதும். ஒரு ஜாதி முழுவதும் குற்றவாளி. அந்த அறிவிப்புச் சரிதானா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக்கூடாது என்பதையும் அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

1911-இல் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கை ரேகையைப் பதிவு செய்ததால் ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு குற்றமும் செய்யாத ஆண்பிள்ளை, பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, இரவில் போலீஸ் காவலில் போய்ப் படுக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

"பொதுஜனப் பாதுகாப்புக்கு வேறு வழி ஏது?" என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். நான் கேட்கிறேன்: ரேகை வைத்தவர்கள் பொதுஜனங்கள் இல்லையா? அவர்களுடைய பாதுகாப்பு யார் பொறுப்பு?

அந்தச் சட்டம் சென்னையில் 1947-இலும், நாடு முழுவதும் 1952-இலும் ஒழிந்தது. ஆனால் இங்கே 1948-இலேயே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்து, அது காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பாவிக்கும் சிறை விதிகள் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்வதற்கு 2024 அக்டோபர் வரவேண்டியிருந்தது.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம்; சௌகரியமான காரியம். ஆனால், நம் வீட்டில் ஒரு வெள்ளி டம்ளர் காணவில்லையென்றால், முதலில் யார்மீது சந்தேகம் விழுகிறது? வேலைக்காரி எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்றுதானே விசாரிக்கிறோம்? டம்ளர் பரண்மேல் அகப்பட்ட பிறகு, அவளிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

1871-இன் சட்டத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நம் மனசிலிருந்து எடுக்க வேண்டியவர்கள் நாம்தாம்.