பத்தாயத்துப் பூனைக்கும் தாது உப்பு வேண்டும்

கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை வைக்க வேண்டும் என்பது இன்று ஒற்றை மாடு வைத்திருப்பவருக்கும் தெரியும். முட்டைக் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் போடுவதும் தெரிந்த செய்திதான். ஆனால் அதே வீட்டில் நெல் மூட்டைக்கும் பத்தாயத்துக்கும் இரவெல்லாம் காவல் இருக்கும் பூனைக்குக் கிடைப்பது என்ன? மீந்துபோன சோறு, கொஞ்சம் மோர், எப்போதாவது ஒரு கருவாட்டுத் தலை. கேட்டால், "பூனை பசியோடு கிடந்தால்தான் எலி பிடிக்கும்" என்று சமாதானம் சொல்லப்படுகிறது. இந்தச் சமாதானத்தைக் கைவிட வேண்டிய காலம் வந்துவிட்டது. அதனால் பூனைக்கும் கேடு, நெல்லுக்கும் நஷ்டம்.

பூனை வேட்டையாடுவது பசியினால் மட்டும் அல்ல. வயிறு நிறைந்த பூனையும் எலியின் ஓசை கேட்டால் பாயும். இங்கிலாந்தில் சார்லஸ் எல்டன் என்ற விலங்கியல் அறிஞர் பண்ணைப் பூனைகளைப் பற்றி 1953-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எலிகளை முதலில் ஒழித்துவிட்டு, பிறகு பால் வைத்துப் பூனைகளை அங்கேயே தங்கச் செய்த பண்ணைக் கட்டடங்களில் எலிகள் மறுபடி குடியேறவில்லை என்பது அதில் தெரிந்த உண்மை. தீனி இல்லாத பூனை எங்கே போகும்? வயல் வரப்புக்கும் அடுத்த தெருவுக்கும் போகும். பத்தாயம் காவலின்றிக் கிடக்கும்.

எலி கிடைக்கும் காலத்தில் பூனைக்குத் தாது உப்பைப் பற்றிக் கவலை இல்லை. எலியை அது சதையை மட்டும் பிய்த்துத் தின்பதில்லை. எலும்பு, ரத்தம், ஈரல் எல்லாம் சேர்த்தே தின்கிறது. எலும்பில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும், ரத்தத்தில் சோடியமும் இரும்பும், ஈரலில் செம்பும், சதையில் துத்தநாகமும் பொட்டாசியமும் இருக்கின்றன. முழு எலியில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரசைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். பூனையின் உடலுக்கு ஏற்ற விகிதமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் சுண்டெலியை மட்டுமே நம்பி ஒரு பூனை வாழ வேண்டுமானால் நாளொன்றுக்கு எட்டு, பத்து எலியாவது சிக்க வேண்டும். அறுவடை முடிந்து களத்து நெல் வீட்டுக்கு வந்த மாதங்களில் இது நடக்கலாம். பத்தாயம் காலியாகும் மாதங்களில் எலியும் குறைந்துவிடும். அப்போதுதான் பூனை சோற்றையும் மோரையும் நம்பி வாழ்கிறது.

தீட்டிய அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 10 மில்லிகிராம்தான். சோறாக வடித்த பின் அதே எடைக்கு இன்னும் குறைவு. பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் உண்டு என்பது உண்மையே. ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. கழிச்சல் கண்டு, உள்ள சத்தும் போய்விடும். சரி, கறி போட்டால் போதுமா என்றால் அதுவும் போதாது. எலும்பில்லாக் கறியில் சுண்ணாம்புச் சத்தைப்போல் பாஸ்பரஸ் 15 முதல் 20 மடங்கு இருக்கிறது. ஈரலில் இந்த வித்தியாசம் இன்னும் மோசம். கறிக்கடை ஓரத்தில் ஈரலும் சவ்வும் தின்று கொழுகொழுவென்று இருக்கும் பூனையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ரத்தத்தில் அதன் அளவு குறையாமலிருக்க உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குட்டிகளுக்கு இது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். கால் வளையும், எலும்பு முறியும். வளர்ந்த பூனையில் மாதக்கணக்கில் மெல்ல நடக்கும். முதலில் பரணில் ஏறத் தயங்கும். பிறகு குதித்தால் நொண்டும். குட்டிக்குப் பால் கொடுக்கும் பெட்டைப் பூனையின் நிலை இன்னும் கஷ்டம். கன்று ஈன்ற பசுவுக்கு வரும் பால் ஜுரத்தைப்போல் அதற்கும் உடல் நடுங்கி இழுப்பு வரக்கூடும்.

இதைப் படித்தவுடன் மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையில் ஒரு சிட்டிகை எடுத்துப் பூனைச் சோற்றில் தூவிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றலாம். அதைச் செய்யவே கூடாது. மாட்டுக் கலவை மாட்டின் வயிற்றுக்கும் பால் கறவைக்கும் கணக்கிட்டுச் செய்தது. அதில் மக்னீசியமும் பாஸ்பரசும் நிறைய உண்டு. பூனைக்கு இந்த இரண்டும் மிகுந்தால் ஆபத்து.

கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகலானது. மக்னீசியம், பாஸ்பேட், அம்மோனியா மூன்றும் சேர்ந்து மணல்போல் படிந்து அந்தக் குழாயை அடைத்துவிடும். சிறுநீர் காரத் தன்மையோடு இருந்தால் இந்த மணல் எளிதில் உண்டாகும். கறி, மீன் உணவு சிறுநீரைப் புளிப்புத் தன்மையில் வைக்கும்; சோறும் தானியமும் அதைக் காரத்துக்குத் திருப்பும். தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் ஒரு முக்கியக் காரணம். பூனையின் முன்னோர் வறண்ட நாட்டுக் காட்டுப் பூனைகள்; தாகம் எடுத்தாலும் அதிகம் குடிக்காத வழக்கம் இன்றும் போகவில்லை. அடைப்பு ஏற்பட்ட பூனை அடிக்கடி கால் மடக்கி உட்கார்ந்து முக்கும், கத்தும், சிறுநீர்த் துவாரத்தை நக்கிக்கொண்டே இருக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பவர்கள் உண்டு. அது வீண் தாமதம். சிறுநீர் முழுவதும் நின்றுவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும். அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மேல்நாடுகளில் பெட்டித் தீனி செய்பவர்களே இதில் அடிபட்டுத்தான் கற்றார்கள். உலர் தீனியில் மக்னீசியம் மிகுந்து கடுவன்கள் அவதிப்பட்டதால் 1980-களில் அதைக் குறைத்து, சிறுநீர் புளிக்கும்படி தீனியை மாற்றினார்கள். மணல் அடைப்பு குறைந்தது. ஆனால் வேறு வகைக் கல், அதாவது கால்சியம் ஆக்சலேட் கல், பெருகியது. பொட்டாசியம் குறைந்த புளிப்புத் தீனியால் சில பூனைகள் கழுத்தைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டன. ஒரு உப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் மற்றொன்று அசையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பாஸ்பேட் உப்புகளைத் தனியாக அதிகம் சேர்த்த தீனி சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதும் 2018-இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது.

ஆகவே சிறு விவசாயி பொடி, மாத்திரை தேடி அலைய வேண்டியதில்லை. எலும்போடு சாப்பிடக்கூடிய பொடி மீன் இருக்கிறது. நெத்திலியோ குளத்துப் பொடி மீனோ ஒரு கைப்பிடி வேகவைத்து, முள்ளோடு மசித்து வைத்தால் போதும். சோற்றை அதில் கொஞ்சமாகக் கலக்கலாமே தவிர, சோற்றில் மீன் வாசனை காட்டுவது உதவாது. மீனிலும் இறைச்சியிலும் டாரின் என்ற சத்தும் உண்டு. அது இல்லாமல் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். கருவாடு கொடுப்பதானால் நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவ வேண்டும். எலும்பில்லாக் கறி கொடுப்பவர்கள் அரைக் கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி முட்டை ஓட்டுத் தூளை மாவாக அரைத்துக் கலக்கலாம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்; அதைப் போடாதிருப்பதே நல்லது. மீன் வாங்க முடியாத நாளில் ஒரு வேகவைத்த முட்டை. சைவ வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். தயிர்ச் சோற்றில் பூனை உயிரோடு இருக்கும், நலமாக இருக்காது.

தண்ணீரைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளி, வாயகன்ற மண் சட்டியில் வைத்தால் பூனை கூடுதலாகக் குடிக்கும். மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் விடும்போதே அந்தச் சட்டியையும் கழுவி நிரப்பிவிடலாம்.