ஏன் அப்பவே சொல்லேல்ல?

தோழர்களே, ஒரு வீராங்கனை பாலியல் தொல்லை பற்றி வாய் திறந்தால் எங்கட ஆக்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். சரி, யாரிட்டச் சொல்லுறது?

2023 ஜனவரியில் வினேஷ் போகட்டும் சாக்ஷி மாலிக்கும் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட உட்கார்ந்தார்கள். குற்றச்சாட்டு, இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் பிரிஜ் பூஷன் மீது. அவர் மறுக்கிறார். ஆனால் அப்ப அணியைத் தெரிவு செய்யிற அமைப்பே அவரின் கையில் இருந்தது, பா.ஜ.க. எம்.பி.யாக வேற இருந்தார். உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான், ஏப்ரல் 28இல், போலீஸ் வழக்கே பதிந்தது. மே 28, புது நாடாளுமன்றம் திறந்த அன்று, தெருவில் இழுபட்டது முறையிட்ட பெண்கள்! டிசம்பரில் பிரிஜ் பூஷனுக்கு நெருக்கமானவரே தலைவரானார். சாக்ஷி சப்பாத்தை மேசையில் வைத்துவிட்டு மல்யுத்தத்தையே விட்டார்.

ஒலிம்பிக் பதக்கம் வென்றவவுக்கே இந்தக் கதி.

எனக்குப் பதினைந்து வயது, நெட்போல் விளையாடினேன். என்ர உடம்பைப் பற்றிப் பகிடி விட்ட 'அண்ணா'தான் டீமும் போட்டவர். நான் வாய் திறக்கேல்ல. டீமில் இருக்க விரும்பினேன், அவ்வளவுதான்.

இந்தக் கோடைக்கு ஊர்ச்சங்கங்கள் விளையாட்டு விழா அறிவிக்கேக்க கேளுங்கோ: முறைப்பாட்டை ஆர் எடுப்பினம்? டீம் போடுறவரோ அவற்ற மச்சானோ என்றால், காசு கட்டாதேங்கோ.