மொக்காவுக்கு இயந்திரம் எதற்கு?

சொக்லேட் சுவையுள்ள கோப்பியை வீட்டில் தயாரிக்க இயலாது என்றோர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. ஒன்றில், பெரும் விலை கொடுத்து எஸ்பிரசோ இயந்திரம் வாங்க வேண்டுமாம். அல்லது பளபளக்கும் பொதியொன்றைக் கிழித்துக் கொதிநீரில் கொட்ட வேண்டுமாம். இவ்விரண்டையும் நான் மறுக்கிறேன்.

மொக்கா என்பது யெமன் நாட்டின் செங்கடற்கரையிலுள்ள துறைமுக நகரம். 17ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கான கோப்பி பெரும்பாலும் அங்கிருந்தே கப்பலேறியது. அந்தக் கோப்பியில் கொக்கோ ஒரு சிட்டிகையும் இருந்ததில்லை. இரண்டையும் கலந்து சுவைத்தவர்கள் ஐரோப்பியர். இத்தாலியின் துரின் நகரில், கோப்பியும் சொக்லேட்டும் பாலாடையும் அடுக்கடுக்காக நிற்கும் 'பிச்செரின்' என்ற பானம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பெயர்பெற்றிருந்தது. எஸ்பிரசோவின் முன்னோடி இயந்திரத்துக்கு மொரியொண்டோ என்பவர் அதே துரினில் காப்புரிமை பெற்றதோ 1884இல்தான். இயந்திரம் இல்லாமலே பிறந்த பானத்துக்கு இயந்திரம் இன்றியமையாதது என்று எவர் சொன்னார்?

பொதிகளின் சங்கதி இன்னும் மோசம். சேர்மானங்களை நிறையின் இறங்குவரிசையில் அச்சிடுவது உணவுப் பொதிகளின் வழமை. நான் வாங்கிப் புரட்டிப் பார்த்தவற்றில் முதலிடம் சீனிக்கு. அடுத்தது பாலுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் தாவரக் கொழுப்பு மா. கோப்பியும் கொக்கோவும் கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டிருந்தன. இதற்குப் பெயர் சீனித் தண்ணீர். நேரமில்லை என்பவர்களிடம் கேட்கிறேன்: பத்து நிமிடமுமா இல்லை?

இலங்கையரான எமக்கு இதில் இன்னுமொரு வெட்கமும் உண்டு. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். கொலராவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பெருந்தோட்டத் தொழில் சரிந்தது. அதன் இடத்தை நிரப்ப முயன்ற பயிர்களுள் கொக்கோவும் ஒன்று. மாத்தளையிலும் கண்டியிலும் இன்றும் அது காய்க்கிறது. வீட்டுத் தோட்டங்களில் கோப்பியும் காய்க்கிறது. இவ்வளவும் இருக்க, எங்கோ அடைத்த சீனித் தூளை விருந்தாளிக்குக் கரைத்துக் கொடுத்து 'மொக்கா' என்கிறோம்.

செய்முறை எளிது. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி இனிப்பில்லாத கொக்கோத் தூள், அதேயளவு சீனி, ஒரு சிட்டிகை உப்பு. கொக்கோவில் கொழுப்பு இருப்பதால் அது நீரை எளிதில் ஏற்காது. நேரே கோப்பியில் போட்டால் கட்டிகட்டியாக மிதக்கும். பலர் தோற்பது இங்கேதான். ஆகவே சீனியுடன் கலந்து, சிறிது சுடுநீர் விட்டு, பசைபோல் மினுங்கும்வரை குழைக்க வேண்டும். பிறகு, கடுஞ்சாயமாக வடித்த அரைக் கோப்பைக் கோப்பியைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரைத்து, மீதியைச் சூடான பாலால் நிரப்பலாம். பால்மாதான் உண்டென்றால், அதைச் சற்றுத் தடிப்பாகக் கரைத்துக்கொள்ளுங்கள். நுரை விரும்புவோர், எங்கள் தேநீர்க் கடைக்காரர் செய்வதுபோல, இரண்டு குவளைகளில் மாற்றி மாற்றி ஆற்றினால் போதும்.

மல்லி சேர்த்து வறுத்து இடித்த கோப்பித்தூளை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அதன் மணம் கொக்கோவோடு ஒத்துப்போகாது.