அட்டவணையில் இல்லாத வரி

சுவா சூ காங்கில் எங்கள் வீட்டில் தீபாவளிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு சடங்கு நடக்கும். ஆட்டுக்கறிச் சட்டி காலியாகும், பெரியவர்கள் சோபாவில் சாய்வார்கள், யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்து அதன் எதிர்காலத்தை முடிவு செய்வார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளை நான். போன தீபாவளிக்கு என் சித்தப்பா மகள்.

அவள் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வணிக நிர்வாகம் முதலாண்டு. ஆண்டு முடிவில் சிறப்புத்துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், மனிதவளம், ஆப்பரேஷன்ஸ் என்று பட்டியல் இருக்கிறது. அவள் ஆப்பரேஷன்ஸ் பக்கம் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் கூடத்தில் ஒரு சின்ன மௌனம். பிறகு ஆளாளுக்குத் தொடங்கினார்கள்.

"ஆப்பரேஷன்ஸ்னா? கிடங்குல நிக்கிற வேலையா?"

"பிசினஸ் படிக்கிறதே ஃபைனான்ஸுக்குத்தானேம்மா."

"உங்கப்பா லாரி ஓட்டினது போதாதா?"

மூன்றாவது கேள்விக்குப் பிறகு அவள் பேசவில்லை. சித்தப்பாவும் பேசவில்லை. அவர் முப்பது வருஷமாக விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து, பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் காய்கறி ஏற்றி, தேக்காவிலும் சிராங்கூன் ரோட்டிலும் இருக்கும் கடைகளுக்குக் கொண்டுபோய் இறக்குகிறவர். அந்தக் கேள்வி அவர் முன்னால்தான் கேட்கப்பட்டது.

இந்தக் கட்டுரை அந்தச் சோபாக்காரர்களுக்கு எதிரானது. அன்றைக்கு அந்தச் சோபாவில் நானும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அதனால் இது எனக்கும் எதிரானதுதான்.

மற்றவர்கள் வாயால் சொன்னதை நான் எக்ஸெலில் செய்தேன். எஞ்சினியர் புத்தி. அன்று ராத்திரியே ஒரு கோப்பு தயார் பண்ணினேன். இடது பக்கம் சிறப்புத்துறைகள், வலது பக்கம் சம்பளம், பத்து வருஷ வளர்ச்சி, கடைசியில் பச்சை நிறத்தில் ஃபைனான்ஸ். அனுப்பிவிட்டு நல்ல அண்ணனாக இருந்த திருப்தியோடு படுத்தேன். மறுநாள் அவளிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "அண்ணே, இந்த ஃபைனான்ஸ் நம்பர் எங்கேருந்து எடுத்தீங்க?"

எங்கேயிருந்து எடுத்தேன்? வேலைத் தளங்களில் பார்த்தது கொஞ்சம், வங்கியில் இருக்கும் நண்பன் சொன்னது கொஞ்சம், மீதி காற்றில் இருந்தது. உறுதியான எண் வேண்டுமென்று கல்வி அமைச்சு வெளியிடும் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வைத் திறந்தேன். இங்கே பிள்ளை வளர்க்கிற எல்லாருக்கும் அது தெரியும். ஒவ்வொரு வருஷமும் அது வந்தவுடன் வாட்ஸ்அப் குழுக்களில் படமாகச் சுற்றும்.

அதில் வணிகப் படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக ஒரு வரிதான் இருக்கிறது. கணக்கியலுக்குத் தனி வரி உண்டு, இரட்டைப் பட்டங்களுக்கும் உண்டு. ஆனால் வணிக நிர்வாகப் பட்டத்துக்குள் ஃபைனான்ஸ் எடுத்தவருக்கு இவ்வளவு, மனிதவளம் எடுத்தவருக்கு அவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் வரி அந்த அட்டவணையில் கிடையாது. எல்லாரையும் ஒன்றாகப் போட்டுத்தான் நடுநிலைச் சம்பளத்தைக் கணக்கிடுகிறார்கள். என் மாமாக்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் மேற்கோள் காட்டுவது இல்லாத ஒரு வரியை. நான் அதற்குப் பச்சை நிறம் வேறு அடித்திருக்கிறேன்.

இருக்கிற வரியையாவது ஒழுங்காகப் படிக்கிறோமா? அது இறுதித் தேர்வு முடிந்து ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து எடுக்கப்படும் கணக்கு. இருபத்து மூன்று வயதில் வாங்கிய முதல் சம்பளத்தைச் சொல்லும். முப்பத்தைந்து வயதில் அந்த ஆள் எங்கே இருப்பார் என்று சொல்லாது. நடுநிலைச் சம்பளத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன: கீழிருந்து கால்பங்கு எல்லையும் முக்கால்பங்கு எல்லையும். வாட்ஸ்அப் படத்தில் அவற்றை யாரும் வட்டம் போட்டுக் காட்டுவதில்லை. ஒரே பட்டம், ஒரே வகுப்பறை, அதே வருஷம் வெளியே வந்தவர்களுக்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை அந்த இரண்டும்தான் சொல்கின்றன. அந்தத் தூரத்தை உண்டாக்குவது எது? மதிப்பெண், வேலைப் பயிற்சி, யாரைத் தெரியும், நேர்முகத்தில் எப்படிப் பேசினார்கள் என்று பல காரணங்கள். சிறப்புத்துறை அதில் ஒன்றாக இருக்கலாம். அது மட்டும்தான் என்று சொல்ல நம்மிடம் எந்த ஆதாரமும் இல்லை.

அட்டவணை பின்னால் வருகிற செய்தி. இதை என் பேட்ச் அனுபவித்துப் பார்த்தது. நாங்கள் படிக்கும்போது கணினிக்காரர்களின் சம்பளத்தைப் பார்த்துப் பாதிப்பேர் அந்தப் பக்கம் தாவப் பார்த்தார்கள். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் ஒரே அறிவிப்பில் 11,000 பேரை அனுப்பியது. அதற்கு முந்தைய அட்டவணையைப் பார்த்து அந்த வருஷம் கணினித்துறையில் சேர்ந்த பிள்ளைகள் அப்போது முதல் செமஸ்டரில் இருந்தார்கள். ஃபைனான்ஸ் மட்டும் என்ன கோட்டையா? 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ் என்கிற 166 வருஷத்து வங்கியை ஒரு வார இறுதியில் பேசி முடித்து யூபிஎஸ் கையில் கொடுத்தார்கள். சிங்கப்பூரிலும் அதற்கு அலுவலகம் இருந்தது.

இன்னொரு விஷயம் சோபாவில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வணிகப் பட்டத்தில் சிறப்புத்துறை என்பது கொஞ்சம் பாடங்கள்தான். கணக்கியல் அடிப்படை, புள்ளியியல், வணிகச் சட்டம், சந்தைப்படுத்தல், நிறுவன நடத்தை என்று பெரும்பகுதி எல்லாருக்கும் பொது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது துறை ஒன்றைச் சேர்த்தே எடுக்கலாம். அங்கே வேலைப் பயிற்சி முடிக்காமல் பட்டமே கிடையாது. முதலீட்டுத் துறையில் பெரிதாகப் பேசப்படும் சிஎஃப்ஏ தகுதிக்கு மூன்று நிலைத் தேர்வு. அதை எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம். என்னோடு எஞ்சினியரிங் படித்த சிலர் இப்போது வங்கியில்தான் இருக்கிறார்கள். கணக்கியல் வேறு கதை. பட்டயக் கணக்காளர் ஆக அங்கீகாரம் பெற்ற கணக்கியல் பட்டம் நேர்வழி, அதை விட்டால் சுற்றுவழி. ஆனால் ஃபைனான்ஸ் சிறப்புத்துறை எடுக்காவிட்டால் வங்கிக் கதவு மூடிவிடும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு அழுத்தம்? என் கணிப்பு இது. நம் வீடுகளில் பலவற்றில் பல்கலைக்கழகம் போன முதல் தலைமுறை நாங்கள். டாக்டர், வக்கீல், எஞ்சினியர் என்ற மூன்று பெயர்கள் பெற்றோருக்குத் தெரியும். அந்த மூன்றும் கிடைக்காத பிள்ளை எடுக்கிற படிப்பு பிசினஸ் என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருந்தது. அந்தப் படிப்புக்குக் கொஞ்சம் மரியாதை தேட ஒரு பெயர் தேவைப்பட்டது. ஃபைனான்ஸ் என்றால் ராஃபிள்ஸ் பிளேஸ் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் அட்டை, ஏசி. ஆப்பரேஷன்ஸ் என்றால் கிடங்கு, லாரி, வியர்வை. சம்பளம் என்று வாய் சொல்கிறது. மனம் பார்ப்பது எந்த வேலையில் அழுக்குப் படாது என்பதை. சித்தப்பா முன்னால் கேட்கப்பட்ட கேள்வியில் அது வெளியே வந்துவிட்டது.

நம் ஆட்களுக்குத் தொழில் படிப்பு புதுசு என்றாலாவது இதை மன்னிக்கலாம். இதே ஊரில், இன்றைக்குக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற அதே மார்க்கெட் ஸ்திரீட்டில், நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. லேவாதேவிக்கு வந்த பையன் முதலில் பெட்டியடிப் பையன். ஏவிய வேலை செய்வான், வசூலுக்கு நடப்பான், பேரேடு பார்ப்பான், கடன் கேட்டு வருகிறவனின் முகத்தைப் படிப்பான். அப்புறம்தான் அடுத்தாள். அதற்கும் அப்புறம்தான் ஒரு கடையை நம்பிக் கொடுப்பார்கள். ஐந்தொகை போடத் தெரிந்தவனுக்கு அந்த ஐந்தொகைக்குப் பின்னால் இருக்கும் சரக்கும் ஆளும் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் உள்கருத்து. அதை நான் பொற்காலமாக்கவில்லை. அது ஒரு சாதிக்குள் ஆண்களுக்கு மட்டும் திறந்த பள்ளிக்கூடம். என் சித்தப்பா மகளை அது வாசலில்கூட நிற்க விட்டிருக்காது. ஆனால் பணத்தைக் கையாளுகிற வேலை உயர்ந்தது, சரக்கைக் கையாளுகிற வேலை தாழ்ந்தது என்று அந்தச் செட்டியார்கள்கூட நினைத்ததாகத் தெரியவில்லை.

இந்த நாடு எதனால் பிழைக்கிறது என்றும் ஒரு தடவை யோசிக்கலாம். 2024இல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்டது 4 கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன் அலகுகள். துவாஸில் எழும்பிக்கொண்டிருக்கும் புதிய துறைமுகம் 2040களில் முழுதாக முடியும்போது அது மட்டுமே ஆண்டுக்கு 6.5 கோடி அலகுகளைக் கையாளும் என்கிறார்கள். ஒரு பெட்டி எந்தக் கப்பலில் இறங்கி, எங்கே அடுக்கப்பட்டு, எந்தக் கப்பலில் ஏற வேண்டும் என்று முடிவு செய்கிற வேலைக்குப் பெயர்தான் ஆப்பரேஷன்ஸ்.

சரி, அவளுக்கு ஏன் அதில் ஆசை? அதை நாங்கள் யாரும் கேட்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு அதிகம் வலிக்கிற இடம். தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து லாட் ஒன் பக்கத்தில் இருக்கும் கோப்பிக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அப்போது அவள் தொடக்கக் கல்லூரி முதலாண்டு முடித்து விடுமுறையில் இருந்தாள். சித்தப்பாவின் கடைக்காரர்கள் ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் போன் அடித்தார்களாம். எந்த நாட்டு வெங்காயம் வந்திருக்கிறது, எத்தனை மூட்டை, யாருக்கு முதலில், யாருக்குப் பாதி. சாப்பாட்டுக்கடைக்காரருக்கு வெங்காயம் இல்லாவிட்டால் மறுநாள் கடையே இல்லை. மளிகைக்கடைக்காரர் இரண்டு நாள் தாங்குவார். சித்தப்பா சொல்லச் சொல்ல அவள்தான் ஒரு நோட்டில் எழுதி வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"அப்பா முப்பது வருஷமா மண்டையில வச்சிருக்கிற கணக்குக்குப் படிப்புல ஒரு பேரு இருக்குண்ணே. முதல் செமஸ்டர்ல அந்த ஸ்லைடைப் பார்த்தப்போ சிரிப்பு வந்துச்சு. அதனாலதான்."

நான் எஞ்சினியரிங் சேர்ந்ததற்கு இப்படி ஒரு காரணம் சொல்லச் சொன்னால் என்னிடம் இல்லை. அட்டவணை இருந்தது.

இப்போது வழக்கமான பதில் வரும். "பணம் முக்கியமில்லைன்னு சொல்ல வர்றியா? வயிறு நிறைஞ்சவன் பேசுற பேச்சு." இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கிற வீட்டில் பணம் முக்கியம். கல்விக் கடன் முக்கியம். வீவக வீட்டுக்குப் பதிய வேண்டிய வயசு வந்துவிடும், அதுவும் முக்கியம். அதனால்தான் பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சரியாகப் பேச வேண்டும் என்கிறேன். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு ஆதாரமில்லாத எண்ணைக் கொடுப்பது அன்பு ஆகாது. பிடிக்காத பாடத்தில் சுமாரான மதிப்பெண் வாங்கி, வங்கி வேலைப் பயிற்சிக்கு நூறு பேரோடு நின்று, கிடைக்காமல் திரும்பி வருகிற பிள்ளைக்கு அந்த வருஷம் நஷ்டம். அந்த நஷ்டம் நம் எக்ஸெலில் எந்தக் கட்டத்திலும் இல்லை. உண்மையிலேயே ஃபைனான்ஸ் பிடித்துப் படிக்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்களுக்கு நம் சோபா அறிவுரை தேவையும் இல்லை.

அடுத்த தீபாவளிக்கு என்னைப் போன்ற அண்ணன்களும் மாமாக்களும் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பிள்ளை என்ன பாடம் எடுக்கப்போகிறது என்று கேட்பதற்கு முன்னால், எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே உட்கார்ந்து படித்தாய் என்று கேளுங்கள். சிறப்புத்துறையின் பெயரை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் பாடங்களின் பட்டியலை ஒரு தடவை படியுங்கள். தெரிந்தவர் யாராவது அந்த வேலையில் இருந்தால் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துப் பிள்ளையோடு பேச வையுங்கள். எண் சொன்னால் அது எங்கே இருந்து வந்தது என்றும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் முறுக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருங்கள்.

அந்தக் கோப்பை நான் அழித்துவிட்டேன். அவள் இன்னும் படிவத்தை நிரப்பவில்லை, தேதி இருக்கிறது. ஆப்பரேஷன்ஸா, அதோடு இன்னொன்றா என்று யோசிக்கிறாளாம். போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். அவர் இதைப் பற்றி என்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை.

"தம்பி, அந்தப் படிப்புல லாரி ரூட்டு போடுறதுகூட வருமாமே? உண்மையா?"

வரும் சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.