'பரையா' செய்த குற்றம் என்ன?

வடகொரியா, மியான்மர் ராணுவ ஆட்சி, இப்போது ரஷ்யா. இவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் கட்டுரைகளில் 'பரையா ஸ்டேட்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். சூதாட்டத்தில் மாட்டிய கிரிக்கெட் வீரரும் அங்கே 'பரையா'தான். சளியோடு அலுவலகத்துக்கு வந்தவர்கூட "இன்றைக்கு நான்தான் பரையா" என்று சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

எந்த ஊர்ச் சொல் இது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கில அகராதிகளே 'பறையர்' என்ற தமிழ்ச் சொல்லைத்தான் மூலமாகக் காட்டுகின்றன. பறை அடிப்பவர் என்று விளக்கமும் தருகின்றன. (அந்தப் பெயர் பறையிலிருந்துதான் வந்ததா என்பதில் நம்மிடையே வாதம் உண்டு. அதைத் தனியாகப் பேசலாம்.) புறநானூற்றின் 335ஆம் பாட்டு, பறையன் குடியை வேறு மூன்று குடிகளோடு சேர்த்து மதிப்பாகவே சொல்கிறது. அங்கே இழிவு இல்லை.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காதில் விழுந்த சாதிப்பெயரை எழுதிவைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் போனது. முதலில் ஒரு சாதியின் பெயர். பிறகு தீண்டாமைக்கு உள்ளான எல்லோருக்கும் பெயர். 1821இல் பாரிஸில் 'லெ பாரியா' என்றே ஒரு நாடகம் மேடையேறியது. அதற்குள் அது ஒதுக்கப்பட்ட எவருக்கும் ஆன சொல்லாகிக்கொண்டிருந்தது.

நையாண்டி இங்கேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களின் பேச்சுவழக்கைத் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியைப் புரட்டிப் பாருங்கள். தெருநாய்க்கு 'பரையா டாக்', ஊருக்குள் வட்டமிடும் பருந்துக்கு 'பரையா கைட்', மட்டமான சாராயத்துக்கு 'பரையா அரக்'. மதராஸில் துரைமார் வீட்டில் சமைத்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் பலரும் இந்த மக்கள்தான். அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, வாசலில் நின்ற நாய்க்கு அவர்கள் பெயரை வைத்தார்கள்.

சமூகவியல் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொல் மாக்ஸ் வேபர் வழியாக வரும். யூதர்களை அவர் 'பரையா மக்கள்' என்றார். 1944இல் ஹன்னா அரெண்ட் அதே சொல்லை எடுத்து, ஒதுக்கப்பட்டதை உணர்ந்து எதிர்த்து நிற்கும் யூதரைப் பற்றி எழுதினார். நல்ல கட்டுரை அது. ஆனால் நான் எம்.ஏ. படித்த வகுப்பில் இந்தக் கருத்தாக்கத்தை நாள்கணக்கில் நடத்தினார்கள். அந்தப் பெயருக்கு உரியவர்கள் அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

"சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது தோழர், இன்னும் ஏன் கோபம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பொருள் எங்கே மாறியது? கிட்டே சேர்க்கக் கூடாதவர் என்ற பொருள் அப்படியேதான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த உவமையே நிற்காது. மாறியது வேறொன்று. வடகொரியாவை ஒதுக்குகிறார்கள் என்றால் அணுகுண்டு சோதனை செய்ததற்காக ஒதுக்குகிறார்கள். சூதாடிய வீரர் சூதாடியதற்காக ஒதுக்கப்படுகிறார். சேரி என்ன செய்தது? ஒதுக்கப்பட்டவர் ஏதோ தப்பு செய்திருக்கிறார் என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒதுக்கியவர் மட்டும் வாக்கியத்திலேயே இல்லை.

இதே சாதிப்பெயரைச் சொல்லி ஒரு பட்டியல் சாதியினரைப் பொது இடத்தில் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவில் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. ஆங்கிலத்தில் அது தலைப்புச் செய்தி.

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கூட்டணி கிடைக்காத தலைவர்கள் "எங்கள் கட்சி என்ன தீண்டத்தகாத கட்சியா?" என்று தமிழில்தான் கேட்கிறார்கள். தீண்டத்தகாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கலாம், அதில் எங்களைச் சேர்க்காதீர்கள் என்பதுதானே அந்தக் கேள்வி? தேநீர்க் கடையில் தனி டம்ளரைப் பார்த்தபோது இவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

சொல்லையே அழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். 1922இல் எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் மதராஸ் அரசு பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. ஒருவர் அந்தப் பெயரைத் தலைநிமிர்ந்து சூடினார், இன்னொருவர் வேண்டாம் என்றார். இரண்டையும் முடிவு செய்தது நம்மவர்கள்.

ஆய்வேடு, கள அறிக்கை எழுதும் தம்பி தங்கைகள் ஆங்கிலப் பிரதியை என்னிடம் திருத்தத் தருவதுண்டு. 'பரையா' என்று உவமையாக எழுதியிருந்தால் அடித்துவிட்டு ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுகிறேன்: 'ஒதுக்கியது யார்?' பெரும்பாலும் அந்த வாக்கியத்தையே அவர்கள் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது.